பொதுக் கணினிகளை ஒவ்வொருவருக்குப் பின்னும் தூய நிலைக்குத் திருப்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தின் கணினிப் பிரிவு, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், கல்லூரி ஆய்வகம் என்று ஒரே கணினியில் பலர் மாறி மாறி உட்காரும் இடங்களைப் பராமரிப்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். இத்தகைய அறை ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். புதிதாக மையம் தொடங்குபவர்களும், இருக்கும் மையத்தைச் சீர்செய்ய நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையே இங்குள்ள கேள்விகள்.

மீட்டமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஃபார்மட் செய்வதையா?

இல்லை. ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவுவது சில மணிநேர வேலை. கணினி பழுதானால் செய்ய வேண்டியது. நான் சொல்லும் மீட்டமைப்பு வேறு. ஒருவர் பயன்படுத்தி முடித்ததும் அவர் சேமித்த கோப்புகள், திறந்த கணக்குகள், மாற்றிய அமைப்புகள், தெரிந்தோ தெரியாமலோ நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் நீங்கி, நாம் முன்கூட்டியே தயார்செய்து பூட்டிவைத்த நிலைக்குக் கணினி ஓரிரு நிமிடங்களில் தானாகத் திரும்ப வேண்டும். அந்தப் பூட்டிவைத்த நிலையைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் தூய நிலை என்று குறிப்பிடுகிறேன். விண்டோஸ் 8 முதல் அமைப்புகளுக்குள் கொடுக்கப்பட்டிருக்கும் மீட்டமைப்பு வசதியும் இதற்கு உதவாது. கணினியை இன்னொருவருக்கு விற்கும்போதோ பழுது நீக்கும்போதோ பயன்படுவது அது.

பயன்படுத்தியவரே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகலாமே? அது அவருடைய பொறுப்பு அல்லவா?

இந்த வாதத்தை மைய உரிமையாளர்கள் பலர் சொல்கிறார்கள், நான் ஏற்பதில்லை. பொது மையத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கணினி இல்லாதவர்கள். தேர்வாணைய விண்ணப்பத்தின் கடைசி நாளில், கல்வி உதவித்தொகைப் பதிவின் கடைசி மணிநேரத்தில், பின்னால் வரிசை நிற்க, கட்டணக் கடிகாரம் ஓட, அவசரமாக வேலையை முடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள். பதிவிறக்கக் கோப்புறை எங்கே இருக்கிறது, குப்பைத்தொட்டியை ஏன் தனியாகக் காலிசெய்ய வேண்டும், உலாவியை மூடினால் மட்டும் மின்னஞ்சல் கணக்கு ஏன் மூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மீட்டமைப்பு இல்லாத ஒரு மையத்தின் கணினியைச் சரிபார்க்க ஒருமுறை போயிருந்தேன். பதிவிறக்கக் கோப்புறையில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் எல்லாம் மாதக்கணக்கில் குவிந்து கிடந்தன. ஆதாரைப் பொறுத்தவரை கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று அந்த உரிமையாளர் சமாதானம் சொன்னார். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல். பக்கத்திலேயே அதே நபரின் மதிப்பெண் பட்டியல் கிடக்கும்போது அது எத்தனை நொடி தாங்கும்? பொது இடங்களில் உள்ள கணினிகளில் மின்-ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிர்க்கும்படியும், பதிவிறக்கினால் நகல்களை எல்லாம் அழித்துவிடும்படியும் ஆதார் ஆணையமே மக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுரையைப் படிக்க வாய்ப்பில்லாதவர்தான் நம் மையத்துக்கு வருகிறார் என்பதால், அவருக்காக அதை நிறைவேற்றுவது நம் வேலை.

உலாவியில் இன்காக்னிட்டோ முறையைப் பயன்படுத்தச் சொன்னால் போதாதா?

போதாது. அந்த முறை, சாளரத்தை மூடியதும் வரலாற்றையும் குக்கிகளையும் (கணக்கில் உள்நுழைந்திருப்பது போன்றவற்றை நினைவில் வைக்கும் சிறு குறிப்புகள்) மட்டுமே மறக்கும். பதிவிறக்கிய கோப்புகள் அப்படியே இருக்கும். சாளரத்தை மூடாமல் எழுந்து போனால் கணக்கும் திறந்தே இருக்கும். உலாவிக்கு வெளியே நடந்த எதையும் அது தொடாது.

கணினியைத் தூய நிலைக்குத் திருப்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன? மறுதொடக்கத்தில் எல்லாக் கோப்புகளையும் மறுபடி நகலெடுக்கின்றனவா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். நகலெடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு மறுதொடக்கமும் பல நிமிடங்கள் பிடிக்கும். உண்மையில் இந்த மென்பொருள்கள் எதையும் திரும்ப எழுதுவதில்லை. முதலிலேயே எழுத விடுவதில்லை. இயங்குதளத்துக்கும் வன்தட்டுக்கும் நடுவே இயக்கி (டிரைவர்) என்னும் சிறு நிரல் உட்கார்ந்துகொள்கிறது. ஏதாவது ஒரு கோப்பை மாற்ற வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும்போது, அந்த மாற்றத்தை மூல இடத்தில் எழுதாமல் தற்காலிகமான வேறோர் இடத்தில் எழுதி, எது எங்கே எழுதப்பட்டது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுபடி அதே கோப்பைப் படிக்கும்போது தற்காலிக இடத்தில் இருப்பதைக் காட்டுவதால், பயன்படுத்துபவருக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரியும். கணினியை மறுதொடக்கம் செய்ததும் அந்தக் குறிப்பு தூக்கி எறியப்படுகிறது. மூலம் தொடப்படாமல் இருந்தபடியே இருக்கிறது. எழுதிய பலகையின் மேல் கண்ணாடித்தாளை விரித்து அதன்மேல் கிறுக்குவதைப் போன்றது இது. தாளை உருவிவிட்டால் பலகை பழையபடி இருக்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்தடை ஏற்பட்டுக் கணினி திடீரென்று அணைந்தாலும் மூலக் கோப்புகள் பாதியில் எழுதப்பட்ட நிலையில் சிதையும் வாய்ப்பு மிகக் குறைவு. யு.பி.எஸ். பேட்டரி பலமிழந்த மையங்களில் இதன் அருமை நன்றாகவே தெரியும்.

எந்தக் கருவியைப் பயன்படுத்துவது?

கட்டணம் செலுத்தி வாங்குபவற்றில், கனடாவைச் சேர்ந்த ஃபரோனிக்ஸ் நிறுவனத்தின் டீப் ஃப்ரீஸ்தான் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் அறியப்பட்டது. திரையின் கீழ்மூலையில் பனிக்கரடிச் சின்னம் இருந்தால் கணினி உறைநிலையில், அதாவது எந்த மாற்றமும் நிலைக்காதபடி பூட்டப்பட்டு, இருக்கிறது என்று பொருள். அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி மினுங்கினால் உறைவு நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பணியாளர் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவது பெரிய வசதி.

விண்டோஸின் என்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் பதிப்புகளில் யு.டபிள்யூ.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் எழுத்துத் தடுப்பு வசதி கூடவே வருகிறது. ஹோம், ப்ரோ பதிப்புகளில் இல்லை. வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். இந்த வசதி, மாற்றங்களை வழக்கமாக நினைவகத்தில் (ரேம்) வைத்துக்கொள்கிறது. நாம் மாற்றாவிட்டால் அதற்கு ஒதுக்கப்படும் இடம் 1024 மெகாபைட் மட்டுமே. ஒருவர் நீண்ட காணொளியைப் பதிவிறக்கினாலே அது நிரம்பிவிடக்கூடும், நிரம்பிவிட்டால் கணினி தடுமாறும். நினைவகம் அதிகமாக இருந்தால் ஒதுக்கீட்டை உயர்த்துங்கள், அல்லது மாற்றங்களை வன்தட்டில் வைக்கும்படி அமையுங்கள்.

மேக் கணினிகளில் விருந்தினர் கணக்கு உண்டு. வெளியேறியதும் அதன் கோப்புகள் அழிக்கப்படும். குரோம்புக்கில் விருந்தினர் முறை அதே வேலையைச் செய்கிறது. உலாவி மட்டும் போதும் என்கிற சிறிய நூலகங்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான், ஏனென்றால் பராமரிப்பு வேலை மிகக் குறைவு.

மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவி ஒன்று முன்பு இருந்ததே?

ஸ்டெடிஸ்டேட் என்று பெயர். விண்டோஸ் எக்ஸ்.பி., விஸ்டா காலத்து நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அது பேருதவியாக இருந்தது. 2010 முடிவோடு பதிவிறக்கமும், 2011 ஜூனோடு ஆதரவும் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 7க்கு அது வரவே இல்லை. இப்போது அந்தப் பெயரில் எங்காவது கிடைத்தால் நிறுவ வேண்டாம்.

எங்களிடம் இருப்பவை பழைய கணினிகள். புதிய விண்டோஸ் ஏறாது. என்ன செய்யலாம்?

லினக்ஸுக்கு மாறுவதை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். ஓவர்லே எஃப்.எஸ். என்னும் அடுக்குக் கோப்பமைப்பு 2014 டிசம்பரில் வந்த 3.18 பதிப்பு முதல் லினக்ஸ் கருநிரலிலேயே (கெர்னல்) இருக்கிறது. உபுண்டுவில் ஓவர்லேரூட் என்ற சிறிய தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்: வன்தட்டு படிக்க மட்டுமே திறக்கப்பட்டு, எழுதப்படுவன எல்லாம் நினைவகத்துக்குப் போய்விடும். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. அதன் அமைப்புப் பட்டியலிலேயே இந்த வசதி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இத்தகைய நினைவகக் கோப்பமைப்பு வழக்கமாக மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 2 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 1 ஜிகாபைட்டுக்கு மேல் யாரும் எதையும் சேமிக்க முடியாது. விண்ணப்பம் நிரப்புவதற்கும் சான்றிதழ் அச்சிடுவதற்கும் அது தாராளம்.

இரவில் மையத்தை மூடும்போது ஒருமுறை மீட்டமைத்தால் போதாதா?

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. போதாது என்பது என் உறுதியான பதில்.

காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து மின்னஞ்சலைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறார். பத்தரை மணிக்கு அதே நாற்காலியில் உட்காருபவருக்கு இரவு நடக்கப்போகும் மீட்டமைப்பால் என்ன தடை? திருட்டு எண்ணத்தோடு வருபவரை நினைத்துப் பாருங்கள். காலையில் முதல் ஆளாக வந்து, தட்டும் விசைகளை எல்லாம் பதிவுசெய்து வெளியே அனுப்பும் ஒரு சிறு நிரலை இயக்கிவிட்டுப் போகிறார். அன்று முழுவதும் அங்கே உட்கார்ந்த அத்தனை பேரின் கடவுச்சொற்களும் அவருக்குப் போய்ச் சேர்கின்றன. இரவு நாம் செய்யும் மீட்டமைப்பு அவருடைய தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நாளுக்கு ஒருமுறை மட்டும் மீட்டமைக்கும் மையம், பயன்படுத்துபவரைக் காட்டிலும் திருடனையே நன்றாகக் காப்பாற்றுகிறது.

ஆகவே ஒருவர் எழுந்ததும், அடுத்தவர் உட்காருவதற்கு முன், கணினி மறுதொடக்கம் ஆக வேண்டும். பணியாளரின் நினைவாற்றலை நம்பி இதை விடக் கூடாது. கூட்டமான நாளில் கட்டாயம் தவறும். நேரக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், கட்டண நேரம் முடிந்ததும் மறுதொடக்கம் ஆகும்படி அதிலேயே அமைக்கலாம். இல்லாதவர்கள், பயனர் வெளியேறியதும் மறுதொடக்கம் செய்யும் சிறு ஸ்கிரிப்ட்டை வைக்கலாம். சொல்லாமல் எழுந்து போகிறவர்களுக்காக, பத்து நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு மறுதொடக்கம் ஆகும்படியும் செய்யுங்கள். நேரம் வீணாகிறது என்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். மூன்று நிமிடம் பிடித்த மறுதொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வரிசையில் நிற்பவர் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

விண்டோஸ் 8க்குப் பிந்தைய கணினிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், அணைத்துத் திறப்பது முழுமையான தொடக்கமாக இராது. இயங்குதளத்தின் ஒரு பகுதி வன்தட்டில் உறங்கவைக்கப்பட்டு அப்படியே எழுப்பப்படுகிறது. பொதுக் கணினியில் அந்த வசதியையும் ஆழ்ந்த உறக்க நிலையையும் நிறுத்திவிடுங்கள்.

தூய நிலையில் என்னென்ன இருக்க வேண்டும்?

குறைவாக வைப்பதே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. தேவையான ஒன்று தூய நிலையில் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் அதைத் தேடி எங்கிருந்தோ பதிவிறக்கி நிறுவ முயல்வார்கள். நிறுவும் உரிமையைக் கேட்பார்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு அது காணாமல் போய்விட்டது என்று சலிப்பார்கள். பிறகு பணியாளரே சலித்துப்போய் உறைவை நீக்கிவிடுவார். பல மையங்களில் மீட்டமைப்பு கைவிடப்பட்டதற்கு இதுவே காரணம் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் தமிழ் உள்ளீடு. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு முறை மூன்றும் தேர்ந்தெடுக்கக் கிடைக்க வேண்டும். அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்ட பின்னும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். உரிமம் உள்ள எழுத்துருக்களை முன்பே நிறுவி வைத்தால் அவர்கள் கட்டங்களைப் பார்த்துத் திகைக்க மாட்டார்கள்.

அடுத்தது மின்கையொப்பம் இட்ட சான்றிதழ்கள். மஞ்சள் நிறக் கேள்விக்குறியோடு, செல்லுபடித்தன்மை தெரியவில்லை என்று காட்டும் சான்றிதழை, கையொப்பத்தைச் சரிபார்த்துப் பச்சை நிற டிக் குறியாக மாற்றி அச்சிட்டுத் தருமாறு தினமும் யாராவது கேட்பார்கள். இத்தகைய கையொப்பங்களை நம்புவதற்கு அடிப்படையான இந்தியாவின் மூலச் சான்றை (ரூட் சர்டிஃபிகேட்) நம்பகமானதாக ஒருமுறை ஏற்றுவைத்து அந்த நிலையிலேயே கணினியை உறையவைத்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த மூலச் சான்றை அதற்குரிய அரசுத் தளத்திலிருந்தே எடுங்கள். தூய நிலையில் ஏற்றிய போலிச் சான்று ஒவ்வொரு நாளும் புதிதாக நம்பப்படும்.

இவற்றோடு அச்சுப்பொறி, ஸ்கேனர், விரல்ரேகைக் கருவி ஆகியவற்றின் இயக்கிகள், ஒளிப்படத்தைத் தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கித் தரும் எளிய மென்பொருள், பி.டி.எஃப். படிப்பான். பயனருக்கு நிர்வாகி உரிமை தராத சாதாரணக் கணக்கு. உலாவியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும்.

உறைநிலையில் இருந்தால் விண்டோஸ் புதுப்பிப்புகள் எப்படி ஏறும்?

ஏறாது. இன்னும் மோசமாக, தினமும் அதே புதுப்பிப்பைப் பதிவிறக்கி, தினமும் மறுதொடக்கத்தில் அதை இழந்து, மறுநாள் மறுபடியும் பதிவிறக்கிக்கொண்டிருக்கும். இணைய வேகம் குறைந்துவிட்டது என்று நாம் இணைப்பு தந்த நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, வாரத்தில் ஒரு நேரத்தைப் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். முதலில் மறுதொடக்கம் செய்து தூய நிலைக்கு வந்த பிறகு உறைவை நீக்குங்கள். புதுப்பிப்புகள் முழுவதும் ஏறி, அவை கேட்கும் மறுதொடக்கங்களும் முடிந்த பிறகு மறுபடி உறையவையுங்கள். டீப் ஃப்ரீஸிலும் யு.டபிள்யூ.எஃப்.-இலும் இதைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது.

உறையவைத்திருக்கிறோமே, புதுப்பிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. ஓட்டையுள்ள இயங்குதளத்தை உறையவைத்தால் அந்த ஓட்டையும் சேர்ந்தே உறைகிறது. தினமும் காலையில் அதே ஓட்டையோடு எழுந்து நிற்கும்.

தூய நிலையே அழுக்காகிவிட வாய்ப்பு உண்டா?

உண்டு. உறைவை நீக்கிய நேரத்தில் செய்வதெல்லாம் நிலைத்துவிடும் என்பதைப் பணியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். பராமரிப்புக்காக உறைவை நீக்கிய ஒருவர், புதுப்பிப்பு ஏறிக்கொண்டிருந்த இடைவேளையில் தம் சொந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, அதிலிருந்து வெளியேறாமலேயே மறுபடி உறையவைத்துவிட்டதை நான் அறிவேன். அதன்பிறகு ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அவருடைய அஞ்சல் பெட்டி வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து கிடந்தது. யாராவது வெளியேறு என்பதை அழுத்தினாலும் அடுத்த மறுதொடக்கத்தில் குக்கி திரும்பி வந்துவிடும். தகவல் அவர் காதுக்கு எட்டச் சில நாட்கள் ஆயின.

ஆகவே உறைவு நீங்கிய கணினியில் சொந்த வேலை எதுவும் செய்யக் கூடாது, வெளியார் பென்டிரைவைச் செருகக் கூடாது, உறையவைக்கும் முன் உலாவித் தரவுகளை முழுவதும் நீக்கியாக வேண்டும். இதை எங்கள் அறையில் ஒரு தாளில் எழுதி நிர்வாகக் கணினியின் மேல் ஒட்டியிருக்கிறோம். க்ளோன்ஸில்லா போன்ற கருவியால் நல்ல நிலையின் முழுப் பிரதி ஒன்றைத் தேதியிட்டு வெளி வன்தட்டில் வைத்திருப்பதும் அவசியம். வன்தட்டு செத்துப்போனால் உறைவு மென்பொருளால் எதுவும் செய்ய முடியாது.

ஒரு மணிநேரம் தட்டச்சு செய்தது மின்தடையில் போய்விட்டது என்று வாடிக்கையாளர் வருந்துகிறார். என்ன பதில் சொல்வது?

அவருடைய வருத்தம் நியாயமானது. மீட்டமைப்பின் உண்மையான விலை இதுதான்; அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் கடமை. உட்காரும்போதே பென்டிரைவில் சேமிக்கச் சொல்லுங்கள், இல்லாதவரைத் தம் மின்னஞ்சலுக்கே அவ்வப்போது அனுப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு மேசையிலும் பெரிய எழுத்தில், இந்தக் கணினியை அணைத்தால் நீங்கள் சேமித்த எதுவும் இருக்காது என்று எழுதி வையுங்கள்.

டி டிரைவை மட்டும் உறையவைக்காமல் விட்டுவிடலாம் என்பது பலரும் சொல்லும் வழி. கல்லூரி ஆய்வகத்தில், மாணவர்கள் தினமும் அதே கணினிக்கு வருகிற இடத்தில் அது பொருந்தும். முன்பின் அறியாதவர்கள் வந்துபோகும் மையத்தில், அந்த டி டிரைவ்தான் அடுத்த குப்பைமேடாகும். அப்படி ஒன்று வேண்டியே இருந்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் முந்தைய நாளின் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட்டோடு வையுங்கள்.

உறையவைத்த கணினிகள் சில வாரங்களில் கல்லூரிச் சர்வரோடு இணைய மறுக்கின்றன. ஏன்?

டொமைனில், அதாவது ஒரே சர்வர் நிர்வகிக்கும் கணினிகளின் தொகுப்பில், சேர்ந்த விண்டோஸ் கணினி, தனக்கென ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அதை வழக்கமாக 30 நாட்களுக்கு ஒருமுறை தானாகவே மாற்றிச் சர்வருக்கும் தெரிவிக்கிறது. உறைநிலையில் கணினி பழைய கடவுச்சொல்லுக்குத் திரும்பிவிடும். சர்வரிடம் புதியது இருக்கும். இரண்டும் பொருந்தாமல் உறவு முறிந்துவிடும். அந்தக் கணினிகளுக்கு மட்டும் இந்தத் தானியங்கி மாற்றத்தைக் கொள்கை அமைப்பில் நிறுத்திவிட்டு, பராமரிப்பு நேரத்தில் ஒருமுறை மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும்.

இதைப் போலவே, மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி செத்துப்போன கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதியில் எழும். பாதுகாப்பான தளங்கள் எல்லாம் எச்சரிக்கை காட்டும். உறைவு மென்பொருளைக் குறை சொல்லும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மீட்டமைப்பு இருந்தால் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வேண்டாமா?

வேண்டும். மீட்டமைப்பு, ஒருவர் போன பிறகு அடுத்தவரைக் காக்கிறது. உட்கார்ந்திருப்பவரை அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் காப்பதில்லை. பென்டிரைவில் வந்த ஷார்ட்கட் வைரஸ் மறுதொடக்கத்தில் கணினியிலிருந்து போய்விடும், ஆனால் அதற்குள் அடுத்த பென்டிரைவில் ஏறியிருக்கும். அந்தப் பென்டிரைவ் வீட்டுக்குப் போகும்.

மென்பொருளே தொட முடியாதவையும் உண்டு. விசைப்பலகை வடத்துக்கும் கணினிக்கும் நடுவே செருகப்படும் விரலளவுப் பதிவுக்கருவியை எந்த மீட்டமைப்பும் காணாது. கணினிப் பெட்டியின் பின்புறம் கண்ணில் படும்படி வைத்து, தினமும் திறக்கும்போது கையால் தடவிப் பாருங்கள். உறைவு இயக்கி விண்டோஸ் இயங்கும்போது மட்டுமே காவல் காக்கும் என்பதால், பென்டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கி வன்தட்டை மாற்றிவிட முடியும். கணினி திறந்ததும் முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில் அந்த வழியை அடைத்து, பயாஸுக்குக் கடவுச்சொல் இடுங்கள்.

சட்டப்படி பதிவுகளை வைத்திருக்க வேண்டுமே. எல்லாவற்றையும் அழித்தால் சிக்கல் வராதா?

வரும், சரியாக அமைக்காவிட்டால். வணிகமாகப் பொதுமக்களுக்கு இணைய வசதி தரும் மையங்களுக்காக இந்திய அரசு 2011 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள், பயனரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்கவும், பார்க்கப்பட்ட தளங்களின் பதிவையும் ப்ராக்ஸி சர்வரின் (மையத்தின் இணையக் கோரிக்கைகள் கடந்துபோகும் இடைக் கணினி) பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும் கோருகின்றன.

மீட்டமைப்புக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. பதிவுகள் பயனரின் கணினியில் இருக்கக் கூடாது. மையத்தின் ப்ராக்ஸி சர்வரிலோ நிர்வாகக் கணினியிலோ, பணியாளர் மட்டும் அணுகும்படி இருக்க வேண்டும். பயனரின் கோப்புகளும் கடவுச்சொற்களும் அந்தப் பதிவில் இடம்பெறத் தேவையில்லை, இடம்பெறவும் கூடாது. சட்டத்தைக் காரணம் காட்டிப் பதிவிறக்கக் கோப்புறையை அப்படியே விட்டுவைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

மீட்டமைத்த பிறகு பழைய கோப்புகளை யாராலும் எடுக்கவே முடியாதா?

மாற்றங்கள் நினைவகத்தில் இருந்திருந்தால், மின்சாரம் நின்றதும் அவை போய்விடும். வன்தட்டில் இருந்திருந்தால் குறிப்பு மட்டுமே போகிறது. உள்ளடக்கம், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கலாம், மீட்பு மென்பொருள்களால் அதைத் தோண்டி எடுக்கலாம். நிர்வாகி உரிமையில்லாத பயனரால் அது முடியாது. ஆனால் பழைய வன்தட்டை விற்கும்போதோ பழுதுக்குக் கொடுக்கும்போதோ இது உண்மையான ஆபத்து. வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து வையுங்கள். முடியாவிட்டால் வன்தட்டைக் கழற்றி உடைத்துவிட்டு மற்ற பாகங்களை மட்டும் விற்றுவிடுங்கள்.

கணினியை மீட்டமைத்தால் அச்சுப்பொறியும் ஸ்கேனரும் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. காகிதம் தீர்ந்து நின்ற அச்சுப்பணி, காகிதம் வைத்ததும் அடுத்தவர் கையில் வந்து விழும். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களில் சொந்த வன்தட்டே இருக்கலாம். ஸ்கேன் செய்தவை எல்லாம் நிர்வாகக் கணினியின் பொதுக் கோப்புறைக்குப் போகும்படி அமைத்திருந்தால், அந்தக் கோப்புறைக்கும் தனியாக ஓர் அழிப்பு நேரம் வேண்டும்.

மீட்டமைப்பு ஒழுங்காக நடக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

மாதம் ஒருமுறை நீங்களே வாடிக்கையாளராக உட்காருங்கள். முகப்பில் ஒரு கோப்பைச் சேமியுங்கள், உலாவியில் ஒரு நீட்சியைச் சேருங்கள், சோதனைக்கென்று வைத்திருக்கும் மின்னஞ்சல் கணக்கைத் திறந்தபடியே விடுங்கள், பின்னணிப் படத்தை மாற்றுங்கள், ஆவணக் கோப்புறை முதல் டி டிரைவ் வரை எழுத முடிகிற இடங்களில் எல்லாம் ஒரு கோப்பைப் போட்டுவையுங்கள். பிறகு எழுந்து போய்விடுங்கள். வேறொருவரை உட்காரவைத்து இவற்றைத் தேடச் சொல்லுங்கள். எங்கள் அறையில் இப்படித் தேடியபோது ஐந்தாவது கணினியில் எல்லாமே இருந்தன. எப்போதோ புதுப்பிப்புக்காக உறைவை நீக்கியவர் திரும்ப உறையவைக்க மறந்திருந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அன்று முதல் உறைவு நீக்கிய நேரத்தையும் திரும்ப உறையவைத்த நேரத்தையும் கையெழுத்தோடு குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.

வீட்டுக்குப் போன பிறகு, கணக்கை மூடினேனா என்று நினைவில்லை என ஒருவர் ஃபோன் செய்தால்?

எந்த மேசையில், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று கேட்டு, அந்தக் கணினி அதன்பின் மறுதொடக்கம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், யார் உட்கார்ந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உடனே செய்யுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். மறுதொடக்கம் நம் கணினியில் இருக்கும் குக்கியைத்தான் அழிக்கிறது. அதற்குள் யாராவது அதை நகலெடுத்திருந்தால் சர்வரைப் பொறுத்தவரை அந்த அமர்வு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே அவருடைய கைப்பேசியிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், உள்நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் நம் கணினியைக் கண்டுபிடித்து வெளியேற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப் பயன்படுத்தியிருந்தால், வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் அதையும் நீக்கச் சொல்லுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். இதில் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை என்றால், அவர் செய்து முடிக்கும் வரை தொடர்பைத் துண்டிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுங்கள்.